தேதி குறித்த துக்கம்

திருச்சியில் சாவுச் செய்தி காதில் விழுந்தால் முதல் கேள்வி, "எப்போ எடுக்கறாங்க?" காலையில் போன உயிர் என்றால் பெரும்பாலும் அன்று மாலைக்குள் எடுத்துவிடுவார்கள். துபாயிலிருந்து மகன் வரவேண்டும் என்றால் ஃப்ரீசர் பெட்டி வரும், ஒரு நாள் தள்ளிப்போகும். அதற்கும் மேல் வைத்திருந்தால் தெருவே ஏதாவது பேசும்.

லண்டனுக்கு வந்து, ஒரு மருத்துவமனையில் வெளிநோயாளிகளுக்கு அப்பாயின்ட்மென்ட் போடும் பிரிவில் சேர்ந்த புதிதில், எங்கள் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. உடன் வேலை பார்க்கும் பெண்ணின் அம்மா காலமாகிவிட்டார். இறுதிச் சடங்கு 23ஆம் தேதி காலை 11.40க்கு. பூ வேண்டாம், விரும்பினால் நாய்கள் காப்பகத்துக்கு நன்கொடை கொடுங்கள். நான் காலண்டரைப் பார்த்தேன். அன்றைக்குத் தேதி 3. அந்தப் பெண்ணோ இரண்டு நாளில் வேலைக்கு வந்து, எப்போதும்போல டீ போட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள். என்ன பேசுவது என்று எனக்கு விளங்கவே இல்லை. மேசை மேசையாக ஒரு அட்டை சுற்றி வந்தது. எல்லோரும் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள், நானும் போட்டேன். துக்கம் விசாரித்தாகிவிட்டது.

இந்த தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் மரணத்தை ஐந்து நாளுக்குள் பதிவு செய்யவேண்டும், பதிவாளர் தரும் காகிதம் இல்லாமல் எரிக்கவோ புதைக்கவோ முடியாது. அப்புறம் எரியூட்டும் இடத்தில் நேரம் கிடைக்கவேண்டும். அரைமணி, முக்கால்மணி என்று துண்டு போட்டுத் தருகிறார்கள். உங்கள் நேரம் முடியும்போது அடுத்த குடும்பத்தின் கறுப்புக் கார்கள் வாசலில் நின்றுகொண்டிருக்கும். இதற்கெல்லாம் நாலாயிரம் பவுண்டை ஒட்டிச் செலவாகும். அதனால்தான் பகல் நேரத்து டிவியில், சிரித்த முகமாக ஒரு பாட்டியும் தாத்தாவும் சோபாவில் உட்கார்ந்து, "எங்கள் இறுதிச் சடங்குக்குப் பணம் கட்டிவிட்டோம், பிள்ளைகளுக்குப் பாரமில்லை" என்கிறார்கள். சில விளம்பரங்களில் விசாரித்தாலே பேனா இலவசம். முதல்தடவை பார்த்தபோது சேனலை மாற்றிவிட்டேன்.

உயிரோடு இருக்கும் ஒருவரின் சாவைப் பற்றி நம் வீட்டில் வாய் திறக்க முடியுமா? அம்மாவிடம் உயில் பற்றி ஒருமுறை பேச்செடுத்தேன். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது" என்று போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

அரச குடும்பத்தில் நான் இங்கிருந்து பார்த்த முதல் சாவு, ராணி எலிசபெத்தின் கணவர் இளவரசர் ஃபிலிப்புடையது. 2021 ஏப்ரல் 9, கொரோனா காலம். நூறு வயதுக்கு இரண்டே மாதம் பாக்கி. தன் உடலைக் கொண்டுபோகும் வண்டியை அவரே சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு லேண்ட் ரோவர். 2003இல் வேலையைத் தொடங்கி, பதினாறு வருடம் அதில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். பின்பக்கம் பெட்டியை ஏற்றுவதற்குத் திறந்த தளம், பெட்டி நகராமல் பிடிக்கும் ஊசிகள், ராணுவப் பச்சை நிறம். அதைவிட எனக்கு ஆச்சரியம், பிபிசிக்கு வந்த புகார்கள். அவர் இறந்த நாளில் எல்லா நிகழ்ச்சிகளையும் நிறுத்தி, இரண்டு சேனல்களில் ஒரே அஞ்சலியை ஓட்டினார்கள். "போதும், இது ரொம்ப அதிகம்" என்று 1,09,741 புகார்கள். அந்த நிறுவனத்தின் வரலாற்றிலேயே எந்த நிகழ்ச்சிக்கும் அத்தனை வந்ததில்லையாம். நான் வளர்ந்த ஊரில் ஒரு தலைவர் இறந்த அன்று, டிவியில் துக்கம் அதிகமாக இருக்கிறது என்று யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்களா?

2016 டிசம்பர் 5 எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஜெயலலிதா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத மாலை. ஒரு சேனல் போய்விட்டார் என்றது, கட்சி அலுவலகத்தில் கொடியை இறக்கினார்கள், மருத்துவமனை மறுத்ததும் திரும்ப ஏற்றினார்கள். அதற்குள் கடைகளின் ஷட்டர் இறங்கிவிட்டது. பஸ் கிடைக்காமல் மக்கள் வேகவேகமாக நடந்தார்கள். 1987இல் எம்.ஜி.ஆர். இறந்தபோது நடந்த சூறையாடலைக் கண்ணால் பார்த்தவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். அன்று எங்கள் தெருவில் இருந்தது பாதி துக்கம், பாதி பயம். அழாதவர்கள்கூட உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். அறிவிப்பு வந்தது நள்ளிரவை ஒட்டி. மறுநாள் மாலைக்குள் மெரினாவில் அடக்கம் முடிந்துவிட்டது.

அந்தப் பழக்கத்தில்தான் 2022 செப்டம்பர் 8ஆம் தேதி மதியம், ராணியின் உடல்நிலை குறித்து மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள் என்று செய்தி வந்ததும், நான் கணவருக்கு போன் போட்டு, "பால், அரிசி வாங்கி வந்துடுங்க, கடை மூடிடுவாங்க" என்றேன். மாலை ஆறரைக்கு இறந்துவிட்டார் என்று அறிவித்தார்கள். ஏழு மணிக்கு ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் எல்லாக் கடையும் திறந்திருந்தது. சரவணா பவன் பக்கம் தோசை வாசம். பஸ் ஓடியது. ஒரே வித்தியாசம், பஸ் நிறுத்தத்து விளம்பரப் பலகையில் பர்கருக்குப் பதில் ராணியின் படம். அவ்வளவு சீக்கிரம் எப்படி மாற்றினார்கள் என்று கேட்டால், எல்லாம் ஏற்கெனவே தயாராக இருந்தது என்றார் கணவர்.

உண்மைதான். திட்டத்தின் பெயர் ‘ஆபரேஷன் லண்டன் பிரிட்ஜ்’. 1960களிலிருந்தே அது இருக்கிறது. இறந்த நாள் ஒன்று, அதற்கு மறுநாள், அதற்கடுத்த நாள் என்று பத்து நாளுக்கும் யார் எங்கே நிற்பது என்பதுவரை எழுதி, வருடா வருடம் கூட்டம் போட்டுத் திருத்தியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் இறந்தால் என்ன செய்வது என்பதற்குத் தனித் திட்டம், அதன் பெயர் ‘யூனிகார்ன்’. அவர் பால்மோரலில் இறந்ததால் அதுவும் பயன்பட்டது. குடும்பத்தில் ஆளுக்கொரு பாலத்தின் பெயரில் திட்டம்: ராணியின் தாய்க்கு டே, ஃபிலிப்புக்கு ஃபோர்த், சார்லஸுக்கு வேல்ஸில் இருக்கும் மேனாய். அதாவது புது ராஜா பதவி ஏற்கும்போதே அவருடைய சாவுக்கும் ஒரு கோப்பு அலமாரியில் இருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னபோது, "பாவம், அந்த மனுஷனுக்குத் தெரியுமாடி?" என்றாள். தெரிந்தால் என்ன, கூட்டத்தில் அவரிடமும்தான் கேட்டிருப்பார்கள்.

இந்த ஒழுங்கெல்லாம் ஆதிகாலத்திலிருந்து வருகிறது என்று நினைத்துவிடக் கூடாது. 1817இல் இளவரசி சார்லட்டின் இறுதிச் சடங்கில் அடக்க வேலைக்காரர்கள் குடித்திருந்தார்கள். 1901இல் விக்டோரியாவின் பெட்டியை இழுக்கவேண்டிய குதிரைகள் வின்ட்சரில் மிரண்டு வாரை அறுத்துவிட, பக்கத்தில் நின்ற கடற்படையினர் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். அன்றைய சமாளிப்புதான் இன்றைய சம்பிரதாயம். எலிசபெத்தின் பெட்டியை இழுத்த 142 மாலுமிகளும் அந்த விபத்தின் வாரிசுகள்.

வேலையிடத்தில்தான் எனக்கு இந்த நாடு இரண்டாகத் தெரிந்தது. அடக்கம் 19ஆம் தேதி திங்கட்கிழமை, அன்று பொது விடுமுறை என்று அறிவித்ததும், எங்கள் மருத்துவமனை அன்றைய அவசரமில்லாத அப்பாயின்ட்மென்ட்களை ரத்து செய்தது. அதை நோயாளிகளுக்குச் சொல்லவேண்டியது எங்கள் வேலை. பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்தேன். ஒரு பெரியவர், "நீ கஷ்டப்படாதே அம்மா, அன்றைக்கு நான் எப்படியும் வந்திருக்க மாட்டேன்" என்றார். இன்னொருவர், மூட்டு வலிக்கு எட்டு மாதம் காத்திருந்தவர், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அந்த அம்மாவுக்கு மூட்டு வலி வந்தபோது எட்டு மாதம் காத்திருந்தாங்களா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எழுதி வைத்த பத்து நாளில் அவருடைய மூட்டு எந்த வரியிலும் இல்லை. இதில் எனக்கு இன்றும் கோபம்தான். இறந்தவருக்கு மரியாதை செய்ய உயிரோடு இருப்பவரின் ஸ்கேனை ஏன் தள்ளிவைக்கவேண்டும்?

என் பக்கத்து மேசைப் பையன் முடியாட்சியே வேண்டாம் என்கிற கட்சி. அவன் அதைச் சத்தமாகவே சொன்னான், எதிர் மேசைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், சண்டை வரவில்லை. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஆக்ஸ்போர்டில் புது ராஜாவை அறிவித்தபோது, "இவரை யார் தேர்ந்தெடுத்தது?" என்று குரல் கொடுத்த ஒருவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது, வழக்கு பின்னால் கைவிடப்பட்டது. இன்னொரு பக்கம் நிறுவனங்கள் மரியாதையில் போட்டி போட்டன. மாரிசன்ஸ் கடைகளில் பில் போடும் ‘பீப்’ ஒலியைக் குறைத்தார்கள். நாரிச் நகரில் சைக்கிள் நிறுத்தும் இடத்தை மூடினார்கள். ஒரு விடுமுறைக் குடில் நிறுவனம், தங்கியிருப்பவர்கள் திங்கட்கிழமை ஒரு நாள் மட்டும் வெளியேறிவிட்டுத் திரும்ப வரவேண்டும் என்று சொல்லி, நாடே சிரித்த பிறகு வாபஸ் வாங்கியது. யாருக்கும் அடி விழும் என்ற பயம் இல்லை, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான். அது எனக்குப் பழக்கமான பயம்.

அந்த வரிசையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் உடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். தேம்ஸ் கரையோரமாகவே சவுத்வர்க் பார்க் வரை ஆட்கள். கையில் கட்ட எண் போட்ட வண்ணப் பட்டை. வரிசையின் வால் எங்கே இருக்கிறது, எத்தனை மணி ஆகும் என்று அரசாங்கமே யூடியூபில் நேரலையாகக் காட்டியது. ஒரு கட்டத்தில் காத்திருக்கும் நேரம் 24 மணியைத் தாண்டியது. டேவிட் பெக்காமும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுதான் உள்ளே போனார். மொத்தம் சுமார் இரண்டரை லட்சம் பேர் பார்த்தார்கள்.

அதில் ஒருவர் எங்கள் மேல்வீட்டு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி. எழுபத்தைந்தைத் தாண்டியவர். "அவ எங்கட ராணியாவும் இருந்தவா பிள்ளை. நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க ரெண்டு சதக் காசில அவவின்ர தலைதான்" என்றார். இலங்கை 1972இல் குடியரசாகும்வரை எலிசபெத் சிலோனுக்கும் ராணி. முடியாதவர்களுக்கான தனி வரிசை டேட் பிரிட்டன் கலைக்கூடம் அருகே தொடங்கியது. பேரனைக் கூட்டிக்கொண்டு அதில் போனார். திரும்பி வந்ததும் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். சுற்றி நின்ற காவலர்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிறார்களாம், தடியால் தரையில் தட்டினால் அதுதான் சைகை. "கும்பிட்டனான். பக்கத்தில ஒரு வெள்ளைக்காரி குனிஞ்சவா. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல." அந்த வருடம் கொழும்பில் என்ன நிலைமை என்று எல்லோருக்கும் தெரியும். "அங்க பெற்றோலுக்குக் கியூ, இங்க ராணிக்குக் கியூ" என்று சொல்லிச் சிரித்தார். அப்படி இருந்தும் இலங்கை அரசு 19ஆம் தேதியைத் துக்க நாளாக அறிவித்து அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை விட்டது.

அன்று டிவியில் முழுவதையும் பார்த்தோம். இரண்டு நிமிட மௌனத்தின்போது சத்தம் வரக்கூடாது என்று ஹீத்ரோவில் விமானங்களையே நிறுத்திவைத்தார்கள். பெட்டியின் மேல் கிரீடம், அதற்குப் பக்கத்தில் பூக்கள், பூக்களுக்கு நடுவே மகன் கையால் எழுதிய அட்டை. கேமரா நெருங்கியபோது அந்த அட்டையின் மேல் ஒரு குட்டிப் பூச்சி ஓடியது. சிலந்தி. இத்தனை வருட ஒத்திகைக்கும் வராமல் நேராக நிகழ்ச்சிக்கு வந்தது அது ஒன்றுதான். மொத்தச் செலவு சுமார் 16 கோடி 20 லட்சம் பவுண்டு என்று அடுத்த வருடம் நிதியமைச்சகம் கணக்குச் சொன்னது.

செவ்வாய்க்கிழமை திரும்பவும் பட்டியல். மூட்டு வலிக்காரருக்கு யாரோ கேன்சல் செய்த ஒரு இடம் கிடைத்தது, அக்டோபரில். அன்று சாயங்காலம் ஆன்ட்டி வீட்டுக்குப் போனபோது, மகன் வந்திருந்தார், மேசையில் ஒரு நோட்டு திறந்திருந்தது. ஆன்ட்டி தன் செத்த வீட்டுக்கான குறிப்புகளை அவரை எழுத வைத்துக்கொண்டிருந்தார். எந்தச் சேலை கட்டவேண்டும், எந்தத் தேவாரம் பாடவேண்டும், யாருக்கு முதலில் சொல்லவேண்டும், எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு எங்கே, எல்லாம் வரிசையாக. மகன் தலையைக் குனிந்தபடி எழுதிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போகப் பார்த்தேன். "இரும் பிள்ளை, நீரும் கேளும்" என்று உட்கார வைத்துவிட்டு மகனிடம் திரும்பினார்: "எட்டுச்செலவுக்கு அந்த மெயின் ரோட்டு ஹோலை எடுக்காத. கார் விட இடமில்லை. சனம் என்னைத்தான் பேசும்."