போட்டோஷாப் வீடியோ லேயர் செய்முறைத் தேர்வு: ஒரு பிரேமா, முழு கிளிப்பா?

ரிசல்ட் வந்துவிட்டது. செய்முறையில் நான் நினைத்ததைவிட நல்ல மதிப்பெண், எழுத்துத் தேர்வில் சுமார்தான். மெனு பெயர்களை மனப்பாடம் செய்தவர்களுக்கு என்றே போட்டது போல இருந்தது அந்தத் தாள். அந்த ஆதங்கம் இன்னும் போகவில்லை. சரி, தேர்வு முறை, நேரம், மதிப்பெண் பங்கீடு எல்லாம் உங்களுக்குத் தெரியும். நேராக வீடியோ லேயர் (வீடியோவைத் தாங்கும் அடுக்கு) கேள்விக்கு வருகிறேன். நிறையப் பேர் பயந்து சாய்ஸில் விடுவது அதைத்தான். என்னைத் தூக்கிவிட்டதும் அதுதான்.

போட்டோஷாப்பில் வீடியோ மேல் கை வைப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் செய்யப்போவது பிளேஹெட் (டைம்லைன் என்கிற நேரக்கோட்டில் இப்போது எங்கே இருக்கிறோம் என்று காட்டும் குறி) நிற்கிற இந்த ஒரு பிரேமில் (வீடியோவின் ஒரு தனிப்படத்தில்) மட்டும் விழுமா, கிளிப் முழுக்க விழுமா? மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். ஷார்ட்கட் கீ எதுவும் தெரியாமல்கூடத் தேர்வு எழுதிவிடலாம், இது தெரியாமல் முடியாது.

பிரஷ், குளோன் ஸ்டாம்ப் (படத்தின் ஒரு பகுதியை நகலெடுத்து இன்னொரு இடத்தில் பூசும் கருவி), ஃபில்டர் எதுவானாலும் வீடியோ லேயரில் நேரடியாகப் போட்டால் அந்த ஒரு பிரேமில் மட்டும்தான் விழும். லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக (உள்ளே இருப்பதை அப்படியே பொதிந்து வைத்த ஒரு பொட்டலமாக) மாற்றிவிட்டு ஃபில்டர் போட்டால் கிளிப் முழுக்க வரும். அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (கீழே உள்ளவற்றின் நிறம், வெளிச்சத்தை மாற்றும் லேயர்) டைம்லைனில் தன் பட்டை எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் வேலை செய்யும். கீபிரேம் என்பது இந்த நேரத்தில் இந்த நிலை என்று குறிக்கும் புள்ளி, அப்படி இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் வேலை செய்யும். இந்த நான்கையும் நான் ஒரு தாளில் எழுதி, கேள்வியின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே எது என்று குறித்துக்கொண்ட பிறகுதான் மவுஸைத் தொட்டேன். நான் எழுதிப் பார்த்தே வேலை செய்கிற ஆள். கை போகிற போக்கில் செய்கிறவர்களுக்கு இது மெதுவாகத் தெரியும். ஆனாலும் செய்யுங்கள்.

எங்களுக்கு வந்த கேள்வி: ஒருவர் மேசையருகே உட்கார்ந்து பேசும் 10 விநாடி கிளிப், கேமரா அசையவில்லை. பின்சுவரில் உள்ள கறையை நீக்க வேண்டும். படத்தை லேசாகப் பெரிதாக்கி, நிறத்தைக் கொஞ்சம் இதமாக்க வேண்டும். பெயர்ப்பட்டை இடப்பக்கமிருந்து நுழைந்து, நின்று, மறைய வேண்டும். முடிவில் லோகோ ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்.

கறை சின்ன வேலை மாதிரி தெரியும். கேள்வியின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. வீடியோ லேயரிலேயே குளோன் ஸ்டாம்ப் வைத்துத் துடைத்தால் திரையில் சுவர் சுத்தமாகிவிடும். ஓட விட்டுப் பார்த்தால் அந்த ஒரு பிரேமில் மறைந்த கறை அடுத்த பிரேமிலேயே திரும்பிவிடும். நொடிக்கு 25 பிரேம் என்றால் 10 விநாடிக்கு 250 பிரேம், ஒவ்வொன்றாகத் துடைக்க யாருக்கும் நேரமில்லை. கிளிப்புக்கு மேலே ஒரு காலி லேயர் போடுங்கள். குளோன் ஸ்டாம்பின் சாம்பிள் பெட்டியில் 'கரன்ட் அண்ட் பிலோ' (இந்த லேயரும் கீழே உள்ளவையும்) தேர்ந்தெடுத்து, கறையை மூடும் சுவர்த்துண்டை அந்தக் காலி லேயரில் வரையுங்கள். கேமரா அசையாததால் ஒரே ஒட்டு முழுக் கிளிப்புக்கும் போதும்.

இதில் இரண்டு பொறி உண்டு. புது லேயரின் பட்டை 5 விநாடிதான் வரும், ஆறாவது விநாடியில் கறை எட்டிப் பார்க்கும். பட்டையின் வலது முனையைக் கிளிப்பின் முடிவு வரை இழுங்கள். அடுத்தது, வீடியோவை நேரடியாகத் திறந்தால் அது ஒரு வீடியோ குரூப்புக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தக் குரூப்புக்குள் இருப்பவை ஒன்றன்மேல் ஒன்றாக இல்லாமல், ஒன்று முடிந்த பின் ஒன்றாக ஓடும். அதனால் ஒட்டு லேயர் குரூப்புக்கு வெளியே, மேலே இருக்க வேண்டும்.

நடுவில் அந்த மனிதர் கையைத் தூக்குகிறார், கை கறையின் குறுக்கே போகிறது. கேள்வி போட்டவர் வேண்டுமென்றே வைத்த இடம் அது என்று நினைக்கிறேன். ஒட்டு கைக்கு மேல் விழுந்து விரல்களைத் தின்றுவிடும். கை வருவதற்கு முன்னால் பிளேஹெட்டை நிறுத்திக் கத்தரிக்கோல் ஐகானால் ஒட்டின் பட்டையை வெட்டினேன். கை போன பிறகு இன்னொரு வெட்டு. நடுத்துண்டை எடுத்துவிட்டேன். கை கறையை முழுக்க மறைக்கிற பிரேம்களில் ஒட்டே வேண்டாம். பாதி மறைக்கிற சில பிரேம்களில் மட்டும் வீடியோ லேயரிலேயே பிரேம் பிரேமாகத் துடைத்தேன். ஒரு பிரேமில் மட்டும் விழும் அந்தக் குணம் இங்கே நமக்கு உதவுகிறது. எங்காவது கெட்டுப்போனால் லேயர் மெனுவின் வீடியோ லேயர்ஸ் பிரிவில் 'ரீஸ்டோர் பிரேம்' இருக்கிறது. மூல வீடியோ கோப்புக்கு எதுவும் ஆகாது.

அப்புறம் வரிசை. கிளிப்பைப் பெரிதாக்கினால் ஒட்டும் சேர்ந்து பெரிதாக வேண்டும், இல்லையென்றால் இடம் மாறிவிடும். இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒரே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்குங்கள். அதன் பிறகு டிரான்ஸ்ஃபார்ம் (அளவு, இடம், சாய்வை மாற்றுவது). வெறும் வீடியோ லேயரில் டிரான்ஸ்ஃபார்ம் கொடுத்தால் மென்பொருளே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றவா என்று கேட்கும், பதற்றத்தில் சரி கொடுத்துவிடாதீர்கள். ஒட்டு வெளியே தனியாக நின்றுவிடும். நிறத்துக்கான அட்ஜஸ்ட்மென்ட் லேயர் எல்லாவற்றுக்கும் மேலே, எதோடும் கிளிப் ஆகாமல் (கீழே உள்ள ஒரே ஒரு லேயரோடு மட்டும் கட்டப்படாமல்) இருக்கட்டும். ஒட்டு தனி லேயராக இருக்கும்போதே வீடியோவோடு மட்டும் கிளிப் செய்தால் அது பழைய நிறத்திலேயே நிற்கும், துடைத்த கறை வேறு நிறத்தில் திரும்பி வந்தது போல இருக்கும். அதன் பட்டையையும் 10 விநாடிக்கு இழுக்க மறக்காதீர்கள்.

நான் தாளில் எழுதிப் பின்பற்றிய வரிசை:

வெட்டுதல், நீளம் சரிசெய்தல்.
ஒரு பிரேம் வேலைகள், ஒட்டு.
ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்.
ஸ்மார்ட் ஃபில்டர், டிரான்ஸ்ஃபார்ம்.
அட்ஜஸ்ட்மென்ட் லேயர்.
கீபிரேம்.

கீபிரேம் கடைசியில் வருவதற்குக் காரணம் உண்டு. கீபிரேம் போட்ட லேயரை அப்புறம் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்கினால் அந்தப் புள்ளிகள் எல்லாம் உள்ளே போய்விடும். வெளியே டைம்லைனில் ஒன்றும் தெரியாது, திருத்த வேண்டுமென்றால் உள்ளே திறந்து போக வேண்டும்.

பெயர்ப்பட்டைக்கு ஒரு யோசனை: கடைசி நிலையை முதலில் போடுங்கள். எழுத்து எங்கே நிற்க வேண்டுமோ அங்கே வைத்து, பிளேஹெட்டை 2ஆம் விநாடியில் நிறுத்தி, டிரான்ஸ்ஃபார்ம் பக்கத்தில் உள்ள ஸ்டாப்வாட்சைச் சொடுக்குங்கள். பிறகு 1ஆம் விநாடிக்குப் பின்னால் வந்து, எழுத்தைத் திரைக்கு வெளியே இடப்பக்கம் தள்ளுங்கள். புள்ளி தானாக விழும். முன்னாலிருந்து பின்னால் போனால் நிற்கும் இடம் கொஞ்சம் மேலே கீழே போய், சரிசெய்வதிலேயே நேரம் கரையும். மறைவதற்கு ஒப்பாசிட்டியில் (ஒளிபுகாத் தன்மையில்) இரண்டு புள்ளி. கவனம்: ஸ்டாப்வாட்சை இரண்டாம் முறை சொடுக்கினால் அந்தப் பண்பின் கீபிரேம் அத்தனையும் அழிந்துவிடும். நடுவில் புள்ளி சேர்க்க, அம்புக்குறிகளுக்கு நடுவில் உள்ள வைர ஐகான் இருக்கிறது.

லோகோவை 360 டிகிரி ஒரே வீச்சில் சுற்ற முடியாது. தொடக்கமும் முடிவும் ஒரே நிலை என்பதால் அது அசையாமல் நிற்கும். 90 டிகிரிக்கு ஒரு புள்ளியாகப் பிரித்துப் போடுங்கள்.

பழைய பாடங்களைப் பார்த்துப் படிக்கிறவர்களுக்கு: 2007இல் சிஎஸ்3 எக்ஸ்டென்டட் பதிப்பில் வீடியோ லேயர் வந்தபோது அந்தப் பேனலின் பெயர் அனிமேஷன். 2012இல் சிஎஸ்6 வந்தபோதுதான் டைம்லைன் ஆனது, வீடியோ குரூப்பும் அப்போது வந்ததே. பேனல் பெயர் வேறாக இருக்கிறதே என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

முன்னோட்டம் திக்கித் திக்கி ஓடினால் பயப்பட வேண்டாம், அது கணினியின் வேகம், உங்கள் வேலையில் பிழை இல்லை. பற்சக்கர ஐகானில் ரெசல்யூஷனை 25 சதவீதமாகக் குறையுங்கள்.

ரெண்டருக்கு (முடித்த வேலையை வீடியோ கோப்பாக வெளியே எடுப்பதற்கு) முன் பார்க்க வேண்டியவை:

எல்லாப் பட்டைகளும் கிளிப் முடிகிற இடத்திலேயே முடிகின்றனவா? ஒன்று நீண்டிருந்தாலும் வீடியோவின் வாலில் வெற்றுப் படம் வரும்.
டைம்லைன் பிரேம் ரேட் கேள்வியில் கேட்டதுதானா?
ரேஞ்ச் பெட்டியில் 'ஆல் பிரேம்ஸ்' இருக்கிறதா, இல்லை சோதித்துப் பார்த்த ஒர்க் ஏரியாவே (டைம்லைனில் குறித்த ஒரு பகுதி) நிற்கிறதா?
வீடியோ வடிவம் எச்.264 தானா?

பிஎஸ்டி (போட்டோஷாப் வேலைக்) கோப்பைக் கொடுக்கும்போது மூல வீடியோவையும் அதே ஃபோல்டரில் வைத்துக் கொடுங்கள். வீடியோ லேயர் வெளியே இருக்கும் கோப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. திருத்துபவரின் கணினியில் அது கிடைக்காவிட்டால் லேயரில் எச்சரிக்கைக் குறி வரும். 'ரீப்ளேஸ் ஃபுட்டேஜ்' கொடுத்து அவர் சரிசெய்வார் என்று நம்பி இருக்க வேண்டாம். என்னோடு எழுதிய ஒருவருக்கு நல்ல வேலைக்கு மதிப்பெண் குறைந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன், எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்னிடம் கேட்டவை: கீபிரேமில் லீனியருக்கும் ஹோல்டுக்கும் என்ன வித்தியாசம் (லீனியரில் மதிப்பு சீராக மாறும், ஹோல்டில் மதிப்பு அடுத்த புள்ளி வரை அப்படியே நின்று சட்டென்று மாறும்). வீடியோ டைம்லைனிலிருந்து பிரேம் அனிமேஷனுக்கு (தனித்தனிப் படங்களாக ஓடும் முறைக்கு) மாற்றினால் எது போகும் (கீபிரேம்கள் போகலாம், அதனால் நகல் எடுத்துவைத்துக்கொண்டு மாற்ற வேண்டும்). இதே கிளிப்பை ஜிஃப் ஆகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது கடைசிக் கேள்வி. ஒரு பிரேமுக்கு அதிகபட்சம் 256 நிறம்தான், சுவரின் மெல்லிய நிழல் பட்டை பட்டையாகத் தெரியும், ஒலி போய்விடும் என்று சொன்னேன். தேர்வாளர் வேறெதுவும் கேட்காமல் அனுப்பிவிட்டார்.