மரம் ஓர் ஊரில், சீவாளி அடுத்த ஊரில்

கும்பகோணத்துக்காரன் நான். வெளியூரிலிருந்து யாராவது வந்தால் தாராசுரம், சுவாமிமலை, தஞ்சைப் பெரிய கோயில் என்று அழைத்துப் போவேன். மயிலாடுதுறை பஸ்ஸில் நரசிங்கம்பேட்டையை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். நம் வீட்டுக் கல்யாணங்களில் ஊதுகிற நாகஸ்வரம் அங்கேதான் கடையப்படுகிறது என்பதும் தெரியும். ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை.

எங்கள் மாமாதான் ஆரம்பித்து வைத்தார். கோயில் உற்சவம் என்றால் நாகஸ்வரக் கச்சேரி முடியும்வரை இடத்தை விட்டு எழமாட்டார். "இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு போகலைன்னா எப்படி மாப்ள?" என்றார். நான் உற்சாகமாக ஒரு பட்டியல் போட்டேன்: திருபுவனம் பட்டுத்தறி, நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறை, சுவாமிமலை சிற்பக்கூடம், நரசிங்கம்பேட்டை, திருவாவடுதுறை. எல்லாமே ஒரே நாளில். மாமா பேனாவை வாங்கி முதல் மூன்றையும் அடித்துவிட்டார். "நாகஸ்வரத்தோட உடம்பு நரசிங்கம்பேட்டையில, வாயில வெச்சு ஊதுற சீவாளி ஆவடுதுறையில. அது ரெண்டையும் உட்கார்ந்து பார்ப்போம்."

ஆனி மாதம் ஒரு நாள் கிளம்பிப் போனோம். பட்டறை பூட்டிக் கிடந்தது. அன்று அமாவாசை, அன்றைக்கு உளியைத் தொடமாட்டார்களாம். காலண்டரைப் பார்க்காதது என் தவறு. நீங்கள் போவதாக இருந்தால் முந்தின நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள். முகூர்த்தம் நெருக்கமாக வரும் மாதங்களையும் தவிர்த்துவிடுங்கள். நாங்கள் அடுத்து ஆடியில் போனோம். கல்யாணம் இல்லாத மாதம், ஆற்றில் தண்ணீர் வேறு வந்திருந்தது. காலை எட்டு மணிக்கெல்லாம் பட்டறையில் இருந்தோம்.

பட்டறை என்றால் வீட்டை ஒட்டிய ஒரு கொட்டகைதான். சுவரோரம் கருத்துப்போன உத்திரக் கட்டைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் ஆச்சா மரம், பழைய வீடுகளை இடிக்கும்போது வாங்கி வைத்தவை. பச்சை மரத்தில் செய்தால் ஊதுகிறவரின் மூச்சு ஈரம் பட்டுப் பட்டு வெடித்துவிடும் என்றார் ஆசாரி. பல வருஷம் கூரையைத் தாங்கிக் காய்ந்த மரம்தான் நாதத்துக்கு நிற்குமாம். ஒரு துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒரு முழம்கூட இல்லை, ஆனால் கல் மாதிரி கனம். அதில் பழைய ஆணி இருந்த துளையைச் சுற்றித் துருக்கறை அப்படியே இருந்தது. யார் வீட்டுக் கூடமோ, எத்தனை பேர் அதற்குக் கீழே படுத்துத் தூங்கினார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டையைக் கடைசலில் உருட்டி, நெடுக உள்துளை போட்டு, பிறகு விரல் துளைகள். வாசிக்க ஏழு. அடியில் இன்னும் ஐந்து உண்டு. அவற்றை வாசிப்பவர் தேவைக்கேற்ப மெழுகால் அடைத்து நாதத்தைச் சரிசெய்துகொள்வார். உள்துளை மேலே குறுகி, கீழே போகப் போக விரியும். ஆசாரி ஒரு கண்ணை மூடி, குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். ஒரே ஒரு சுற்று இழைத்தார். மறுபடி பார்த்தார். இப்படியே அரை மணி நேரம். அளவுகோலை அவர் எடுக்கவே இல்லை.

முன்பு புழக்கத்தில் இருந்தது திமிரி. குட்டையான, உச்ச சுருதி நாகஸ்வரம். சுருதியைக் கீழே இறக்க வேண்டும் என்று நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) விரும்ப, இதே ஊர் ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாகஸ்வரத்தைச் செய்து கொடுத்தார். திமிரியில் பிடிபடாமல் இருந்த சுத்த மத்யமம் என்கிற ஸ்வரம் இதில் சுத்தமாகப் பேசியது. இன்று நாம் மேடையில் கேட்பது பெரும்பாலும் இந்த பாரிதான். 2022இல் இந்த ஊர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் சொன்னபோது ஆசாரி சிரித்தார். "சந்தோஷம்தான் தம்பி. கத்துக்க வர பசங்கதான் இல்ல." அந்தப் பேச்சு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மதியச் சாப்பாடு ஆடுதுறையில். சாதாரண மெஸ்தான், நல்ல ரசம். 1922இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் இது. நம் வயல்களில் விளையும் ஏடிடி ரகங்களின் பெயரே ஆடுதுறையின் சுருக்கம்தான்.

வெயில் தாழ்ந்ததும் திருவாவடுதுறை. கோமுத்தீசுவரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு சீவாளி செய்யும் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் பெரியவர் ஒருவர் வேலையாக இருந்தார். காவிரிக் கரையில் விளையும் கொறுக்கை என்கிற நாணல் தட்டைதான் மூலப்பொருள். அதை மாதக்கணக்கில் காயவைத்து, வேகவைத்து, மறுபடி காயவைத்துப் பதப்படுத்துகிறார்கள். பிறகு நறுக்கி, மடித்து, கெண்டை என்கிற சின்ன உலோகக் குழாயில் நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டி முடித்த சீவாளி என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பெரியவர் ஒன்றை வாயில் வைத்து ஈரமாக்கி ஊதினார். "பீ" என்று கிறீச்சிட்டது. கத்தியால் ஓரத்தை லேசாகச் சீவினார். மறுபடி ஊதினார். மூன்றாவது தடவை குரல் கொஞ்சம் இறங்கி, வட்டமாக வந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அத்தனை கனமான மரம், இந்தத் துளித் தட்டை அசையாவிட்டால் பேசாது.

மாமா ஒரு செட் வாங்கினார். எங்கள் தெருக்கோயிலில் வாசிப்பவருக்காக. அன்று ராத்திரியே கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாகஸ்வரத்தில் செருகி மெதுவாக ஒரு ஸட்ஜம் பிடித்தார்.

"நல்ல தட்டை. ஒரு வாரம் பழகணும், அப்புறம் கேளுங்க" என்று சொல்லி மற்றவற்றோடு சேர்த்துக் கயிற்றில் கோத்துக்கொண்டார்.