அல்தேயாவின் லகரம் பிடிபட்டது

போர்த்துகீசிய மொழியில் கலந்த அரபுச் சொற்களை அட்டவணை போட்டு வருகிறேன். அதில் ரொம்ப நாளாக முரண்டு பிடித்த சொல் 'அல்தேயா' (கிராமம்). நேற்று ராத்திரி ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டது!

அரபியில் 'அல்' என்பது ஆங்கில 'the' மாதிரி பெயருக்கு முன்னால் வரும் ஒட்டு. அடுத்து 'சூரிய எழுத்து' என்று அழைக்கப்படும் ஸ, ர போன்ற எழுத்து வந்தால் அதன் லகரம் கரைந்துவிடும். அஸ்-ஸுக்கர் 'அசூக்கர்' (சர்க்கரை), அஸ்-ஸைத் 'அஸெய்த்' (ஆலிவ் எண்ணெய்), அர்-ருஸ் 'அரோஸ்' (அரிசி) எல்லாம் கணக்காக விழுகின்றன. அல்தேயாவின் மூலம் 'ளைஆ'. முதலெழுத்து ளாத் என்னும் அரபு எழுத்து, அதுவும் சூரிய எழுத்துதான். அப்படியானால் 'அதேயா' என்றல்லவா வந்திருக்க வேண்டும்?

துப்பு கொடுத்தது பக்கத்து வீட்டு ஸ்பானியம். அங்கே ஊர்த்தலைவர் 'அல்கால்தே'. அரபியில் அல்-காளீ, அதாவது நீதிபதி. முன்னால் இருக்கும் 'அல்' சரி, நடுவில் இன்னொரு லகரம் ஏன்? அது ளாத் எழுத்துக்கே சொந்தமான லகரம், அல்தேயாவிலும் அதுதான். நாக்கின் ஓரம் கடைவாய்ப் பற்களைத் தொட, காற்று பக்கவாட்டில் வெளியேறும் ஒலி என்று 8ஆம் நூற்றாண்டிலேயே அரபு இலக்கண அறிஞர் சீபவைஹி எழுதி வைத்திருக்கிறார். இன்றைய அரபு உச்சரிப்பில் அந்தச் சாயல் பெரும்பாலும் போய்விட்டது. கடன் வாங்கிய மொழி பத்திரமாக வைத்திருக்கிறது. நாம் ரமலான், பர்ளு (கட்டாயக் கடமை), உளூ (தொழுகைக்கு முன் கைகால் கழுவுதல்) என்று சொல்கிறோமே, அங்கேயும் அதே ளாத்தான். இதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கமே போய்விட்டது.

சரி, அகராதி விஷயம். ஜோசே பெத்ரோ மச்சாதோவின் சொற்பிறப்பியல் அகராதியைப் பழைய புத்தக வியாபாரி ஒருவரிடம் தருவித்தேன். ஒரு பாகம் தையல் விட்டு, தாள்கள் உதிர்ந்து வந்தது. கொடுத்த காசுக்கு இது அநியாயம். 1789இல் லிஸ்பனில் அச்சான ஜொவாவ் தெ சோசாவின் தொகுப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அவர் சொல்லும் மூலங்கள் சிலவற்றைப் பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை, ஆனாலும் புரட்டப் புரட்ட அலுக்காத புத்தகம்.

ளகர வரிசை இன்னும் முடியவில்லை, அதற்குள் மனசு ஃபகர வரிசைக்குத் தாவிவிட்டது. அரபுத் தொண்டை ஒலி 'ஃக' போர்த்துகீசியத்தில் 'ஃப' ஆகிவிடுகிறது. தலையணை ஸ்பானியத்தில் 'அல்மொஆதா', இங்கே 'அல்முஃபாதா'. லாவெண்டர் அங்கே 'அலுஸேமா', இங்கே 'அல்ஃபஸேமா'. லிஸ்பனின் அல்ஃபாமா பேட்டை அல்-ஹம்மாவிலிருந்து, அதாவது வெந்நீர் ஊற்றிலிருந்து வந்தது. அங்கே ஹகரமும் ஃபகரமாகியிருக்கிறது. இரண்டையும் ஒரே பத்தியில் போடுவதா, தனித்தனியாகவா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அப்புறம் 1249இல் முஸ்லிம்களிடமிருந்து போர்த்துகீசியர் கைக்கு மாறிய ஃபாரோவைச் சுற்றியுள்ள அல்கார்வ் (தெற்குப் போர்த்துகல்) ஊர்ப்பெயர்களையும் எடுக்க வேண்டும்.