சால்மன் விலக்கியைத் தைத்தால் மட்டும் போதாது, தட்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

வலைக்குள் வந்துவிட்ட சால்மன் மீன் தப்பிப் போக, வலையிலேயே தைத்து வைக்கும் வழிதான் விலக்கி. எங்கள் முதல் நான்கு இழுப்பிலும் அந்த வழி மூடியே கிடந்திருக்கிறது. மேல்தளத்தில் நின்ற ஒருவருக்கும் அது தெரியவில்லை. வலை ஒழுங்காக விரிந்தது, நாங்கள் பிடிக்கப்போன போலாக் மீன் நன்றாக விழுந்தது, கூடவே சினூக் என்ற சால்மன் வகையும் வந்தது. "இந்தப் பக்கம் சால்மன் அதிகம் போல" என்று கடல்மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த இழுப்புக்குப் போனோம். முதல் இழுப்பிலேயே கேமரா கட்டியிருந்தால் அத்தனை சினூக் செத்திருக்காது.

அலாஸ்காவை ஒட்டிய பேரிங் கடலில் ஜனவரி 20-இல் தொடங்கும் ஏ சீசனுக்காக, அதாவது வருஷத்தின் முதல் போலாக் பருவத்துக்காக, டச்சு ஹார்பர் துறைமுகத்தில் பொருத்திய விலக்கி அது. வலையின் கடைசியில் மீன் சேரும் பையான மடிக்கு முன்னால், வலை நேர்க்குழாயாகப் போகும் இடத்தில், மேல்பக்கத்தில் ஒரு திறப்பு. அதன் கீழே முன்விளிம்பு மட்டும் தைத்த ஒரு வலைத்தட்டி. பின்விளிம்பு தைக்காமல் தொங்கும், அதில் ஈயக் கயிறு. போலாக் தண்ணீரின் போக்கிலேயே தட்டிக்கு அடியில் நுழைந்து மடிக்குப் போய்விடும். சால்மனுக்கு நீச்சல் பலம் அதிகம். தட்டியைத் தாண்டியதும் அதற்கு மேலே தண்ணீர் வேகம் குறைந்திருக்கும் இடத்துக்கு ஏறி, அங்கிருந்து முன்பக்கமாக நீந்தித் திறப்பு வழியே வெளியேறும். ஆக, தட்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதுதான் எல்லாமே.

எங்களுக்கு ஈயம் குறைவு. வலை தைத்துக் கொடுத்த பட்டறை, இன்னொரு படகுக்குப் போட்ட அளவை அப்படியே போட்டுவிட்டது. அந்தப் படகு எங்களைவிட மெதுவாக இழுப்பது. நாங்கள் மணிக்கு 3.5 கடல் மைல் வேகத்தில் இழுத்தபோது தண்ணீர் தட்டியைத் தூக்கி மேல்வலையோடு ஒட்டிவிட்டது. பிறகு கேமரா கட்டி, படத்தில் அதைப் பார்த்த ஆத்திரத்தில் ஈயத்தை ஒரேயடியாக ஏற்றியது அடுத்த தப்பு. தட்டி தாழ்ந்து அடிவழி குறுகிப்போக, அடர்த்தியான கூட்டம் வந்ததும் போலாக் பின்னால் நகர முடியாமல் அடைத்துக்கொண்டது. குழாய் பலாப்பழம் மாதிரி புடைத்துக் கண்ணிகள் தெறித்தன. அரை நாள் வலை பொத்தினோம். அதன் பிறகு ஒரு தடவைக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் கூட்டவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் படம் பார்த்து, குழாயின் நடு உயரத்தில் தட்டி நிற்கும் வரை கொண்டுவந்தோம். இழுக்கும் வேகம் மாறினால் மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

கேமராவைத் திறப்பை நோக்கி வைக்காதீர்கள். மீன் வெளியே வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும், ஏன் வரவில்லை என்பது தெரியாது. தட்டிக்கு மேலே, பின்விளிம்பைப் பார்த்த மாதிரி கட்டுங்கள். வெள்ளை விளக்கு மீனின் போக்கையே மாற்றிவிடும், சிவப்பு வெளிச்சம் பரவாயில்லை. குளிர்நீரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் இழுப்புக்கு இழுப்பு மாற்றப் போதுமான உதிரி கையில் இருக்கட்டும்.

அடுத்த தலைவலி முறுக்கு. குழாய் கால் சுற்று திரும்பினாலே திறப்பு பக்கவாட்டுக்குப் போய்விடும். ஈயம் எவ்வளவு சரியாக இருந்தாலும் பலனில்லை. வலையை உருளையில் சுற்றும்போதுதான் பெரும்பாலும் இது வரும். மேல் நடுத்தையல் நெடுக ஆரஞ்சு நூல் ஓட்டிவிடுங்கள், வலை இறங்கும்போதே முறுக்கு கண்ணில் பட்டுவிடும். திறப்பின் மேல் உள்ள வலைக்கூரையைத் தூக்கிப் பிடிக்கும் மிதவைகளும் அதே உருளையில் நசுங்கும். ஒன்று உடைந்தாலும் கூரை படிந்துவிடும்.

எல்லாம் சரியான பிறகு கிடைத்த ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். போலாக் சாரை சாரையாகப் பின்னால் போகிறது. நடுவே ஒரு சினூக், தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, வாலை மட்டும் அசைத்தபடி தட்டியின் விளிம்புக்குப் பின்னால் அப்படியே நிற்கிறது. நிமிஷக்கணக்கில் நின்றது. பிறகு மெல்ல மேலே ஏறி, இரண்டு வீச்சில் திறப்பைத் தாண்டி இருட்டுக்குள் போய்விட்டது. அறையில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினோம்.

ஒரு மீனுக்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு: 2007-இல் இந்தப் போலாக் வலைகளில் 1,20,000-க்கு மேல் சினூக் மாட்டியது. 2011 முதல் வருஷத்துக்கு உச்சவரம்பு 60,000. மேற்கு அலாஸ்கா ஆறுகளுக்குத் திரும்பும் சினூக் குறைந்த ஆண்டுகளில் அது 45,000 ஆக இறங்கும். அந்த வரம்பில் நமக்கான பங்கு தீர்ந்தால், போலாக் எவ்வளவு மிச்சமிருந்தாலும் வலையைச் சுருட்ட வேண்டியதுதான். மாட்டிய சால்மனை விற்க முடியாது, எண்ணி முடிக்கும் வரை கடலில் வீசவும் கூடாது. பத்தில் ஒரு சினூக்கில் மரபணு மாதிரி எடுத்து எந்தப் பகுதி மீன் என்று பார்க்கிறார்கள். யூகான் ஆற்றில் சினூக் பிடிப்பதையே அலாஸ்கா மாநிலமும் கனடாவும் 2024-இல் ஏழு வருஷத்துக்கு நிறுத்திவைத்துவிட்டன. அந்த ஆற்றங்கரைக் கிராமங்களில் சால்மன் காயப்போடும் பந்தல்கள் வெறுமையாக நிற்கும்போது, நம் மடியில் வரும் ஒவ்வொன்றும் கணக்குத்தான்.

விலக்கி இருக்கிறதே என்று சால்மன் நிற்கும் இடத்திலேயே திரும்பத் திரும்ப இழுக்காதீர்கள். மாட்டியதில் ஒரு பங்குதான் தப்பும். சம் என்ற இன்னொரு சால்மன் வகை விஷயத்தில் பலன் இன்னும் குறைவு. எண்ணிக்கை ஏறுகிறது என்றால் இடத்தை மாற்றுங்கள், மற்றப் படகுகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

ஜூன் 10-இல் பி சீசன் என்ற இரண்டாம் பருவம் தொடங்குமுன் தட்டியை அவிழ்த்து அளந்து பார்க்க வேண்டும். நைலான் கண்ணி சுருங்கும், நீளம் குறைந்தால் பழைய ஈய அளவு பொருந்தாது.