அலை உடையாத இடம்

விடுமுறைக்குச் சென்றிருந்த ஒரு கடற்கரையில், இருபுறமும் அலைகள் வெண்ணுரையாக உடைந்துகொண்டிருக்க, நடுவே பத்துப் பதினைந்து மீட்டர் அகலத்துக்கு நீர் சலனமின்றிக் கிடந்தது. குளத்தில் பல ஆண்டுகள் நீந்திப் பழகிய எனக்கு, நீந்துவதற்கு ஏற்ற இடம் அதுதான் என்று பட்டது. இறங்கினேன். சில நிமிடங்களில், கரையில் விட்டுவந்த துண்டு எங்கே கிடக்கிறது என்றே தெரியாத தொலைவுக்குப் போயிருந்தேன். எவ்வளவு வேகமாகக் கை வீசியும் கரை ஓரடிகூட நெருங்கவில்லை.

அப்போது அலைச்சறுக்குப் பலகையில் குப்புறப் படுத்தபடி ஒரு பெண் என்னைக் கடந்து கடலுக்குள் போய்க்கொண்டிருந்தார். "கரையைப் பார்த்து நீந்தாதீங்க, பக்கவாட்டுல போங்க!" என்று கத்திவிட்டு, பலகையைத் திருப்பி என்னருகே வந்து, நான் பிடித்துக்கொள்ள அதன் விளிம்பை நீட்டினார். என்னை மூச்சுத் திணறவைத்த அதே நீரோட்டத்தை, அதிகம் கையால் நீரைத் தள்ளாமல் உள்ளே போகும் வழியாக அவர் பயன்படுத்திக்கொண்டிருந்தார் என்பது கரையேறிய பிறகே புரிந்தது.

அலை ஏன் உடைகிறது என்று தெரிந்திருந்தால் அங்கே இறங்கியிருக்க மாட்டேன். நீரின் ஆழம் அலையின் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும்போது அலை கவிழ்ந்து உடைகிறது. ஆகவே நுரை இருக்கும் இடத்தில் மணல் திட்டு மேலே இருக்கிறது; நுரை இல்லாத இடைவெளியில் தரை பள்ளமாக இருக்கிறது. திட்டுகளைத் தாண்டிக் கரைப்பக்கம் வந்து குவியும் நீர், திரும்பிப் போக அந்தப் பள்ளத்தைத்தான் வாய்க்காலாக்கிக்கொள்கிறது. அந்த ஓட்டம் வலுத்தால் நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். ஒலிம்பிக் வீரர்கள் நீந்தும் வேகமே ஏறத்தாழ அவ்வளவுதான். எனினும் அது ஆளை அடியில் அமுக்குவதில்லை, வெளியேதான் கொண்டுபோகிறது. அலைகள் உடையும் வரிசையைத் தாண்டியதும் பெரும்பாலும் தளர்ந்துவிடுகிறது. எனவே மிதந்தபடி கையை உயர்த்திக் காட்டுவதும், கரைக்கு இணையாக நீந்தி ஓட்டத்திலிருந்து விலகி, நுரை தெரியும் பக்கமாகத் திரும்புவதும்தான் வழி.

இப்போதெல்லாம் எந்தக் கடற்கரைக்குப் போனாலும், முதல் கால்மணி நேரம் மணலில் உட்கார்ந்து நீரைப் பார்க்கிறேன். மணல் கலங்கிய பழுப்பு நீர் ஒரு பட்டையாக வெளியே நீள்கிறதா, நுரைத் துணுக்குகள் கரைக்கு வராமல் கடலை நோக்கி நகர்கின்றனவா என்று கவனிக்கிறேன். பல நாடுகளில் சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளுக்கு நடுவே உள்ள பகுதியை உயிர்காப்பாளர்கள் கண்காணிக்கிறார்கள். நீந்துவதாக இருந்தால் நான் அதை விட்டு நகர்வதில்லை.

அந்த நிகழ்வுக்குப் பிறகுதான் அலைச்சறுக்கும் கற்கத் தொடங்கினேன். தொடக்கத்தில் தருவது மென்மையான நுரைப்பலகை; ஆனாலும் இடுப்பளவு நீரில் அதை உடலுக்கும் வரும் அலைக்கும் நடுவே குறுக்காகப் பிடித்தால், அலை அதைத் தூக்கி நெஞ்சிலோ முகத்திலோ அறைந்துவிடும். எழுந்து நிற்பதற்கு உள்ளங்கைகளை விலாவருகே ஊன்றி, ஒரே மூச்சில் கால்களை அடியில் கொண்டுவர வேண்டும். அந்த நொடியில் காலைக் குனிந்து பார்த்தால் விழுவது உறுதி; பார்வை முன்னே கரையில் இருக்க வேண்டும். எனக்கு இது பிடிபட மூன்று நாட்கள் ஆயின.

நீச்சலையும் பலகையையும் தனித்தனிக் கலைகளாக நினைக்க எனக்கு இனி மனம் வராது. ஹவாயின் டியூக் கஹானமோக்கு 1912, 1920 ஒலிம்பிக் போட்டிகளில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றவர். அவரே 1925 ஜூனில், கலிபோர்னியாவின் கொரோனா டெல் மார் அருகே ஒரு படகு கவிழ்ந்தபோது, தம் பலகையில் திரும்பத் திரும்பச் சென்று எட்டுப் பேரைக் கரைசேர்த்தார்.

சென்ற விடுமுறையில் அதே கடற்கரைக்கு மீண்டும் போனேன். திட்டுகள் இடம் மாறியிருந்தன. வாய்க்கால் சற்றே வடக்கே தள்ளித் தெரிந்தது. பயிற்சியாளர் முன்னே செல்ல, பலகையின் கயிற்றைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு அதற்குள் இறங்கினேன். இருபுறமும் அலைகள் உடைந்துகொண்டிருக்க, தலைகூட நனையாமல் அது என்னை வெளியே கொண்டுபோய் விட்டது.