தானாக வந்து நின்ற வண்டி

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

கடலூர் மஞ்சக்குப்பம் போலீஸ் ஆபீசில் இன்று விபத்துக் கோப்புகள். (ஆள் பெயர், வண்டி நம்பர் எதையும் இங்கே எழுத மாட்டேன்.) ஜூலை 12 இரவு, புதுச்சேரி ரோட்டில் எல்லைக்கு இந்தப் பக்கம், பைக்கில் வந்தவரை ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆள் ஸ்பாட்டிலேயே முடிந்துவிட்டார். எஃப்.ஐ.ஆரில் 'அடையாளம் தெரியாத வாகனம்'. மூன்று வாரம் அசையாமல் கிடந்த கேசில் போன வாரம் திடீரென்று ஒரு சாட்சி முளைத்து நம்பர் சொல்கிறார். மறுநாளே டிரைவர் மினி லாரியோடு ஸ்டேஷன் வாசலில்.

"பேப்பரெல்லாம் கரெக்டா இருக்கு மேடம்" என்றார் எஸ்.ஐ. ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ், ஒன்றுகூடக் காலாவதி ஆகவில்லை. அதுதான் எனக்கு இடித்தது. அடித்துவிட்டு ஓடியவன் மூன்று வாரம் கழித்து இவ்வளவு சுத்தமான பேப்பரோடு மனசாட்சி உறுத்தி வருகிறானாம். நடக்கலாம். நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 5

வண்டியை நேரில் பார்த்தோம். ஏட்டையாவுக்கு முழங்கால் வலி, குனிய முடியாது. துண்டை விரித்துத் தரையில் படுத்தே பார்த்தார். முன் பம்பரின் இடது ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். பெயிண்ட் உரிந்து இரும்பு பளபளக்கிறது. "கடலூர் உப்புக்காத்துல மூணு வாரமா இது துருப்பிடிக்காமலா மேடம் இருக்கும்?" விரலால் அழுத்தித் தேய்த்துக் காட்டினார். ஒரு பொட்டு துரு ஒட்டவில்லை. அந்தாண்டை கிடந்த பைக்கின் கிராஷ் கார்டில் நீலப் பெயிண்ட். லாரியோ மஞ்சள்.

மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரேக் பிடிக்கிறதா, ஸ்டியரிங் சரியா, இயந்திரக் கோளாறா என்று கேட்டோம், பதில் எழுதினார். இந்த வண்டிதான் அடித்ததா என்பது எங்கள் கேள்வி, அவருடையது இல்லை. பெயிண்ட் துணுக்கு விழுப்புரம் தடயவியல் ஆய்வகத்துக்குப் போகிறது.

ஆகஸ்ட் 7

எஸ்.ஐ.யோடு கொத்தட்டை டோலுக்குப் போனேன். ஃபாஸ்டேக் கணக்குப்படி சம்பவத்தன்று இரவு 9.38-க்கு இந்த லாரி அங்கே கடந்திருக்கிறது. 108-க்கு முதல் அழைப்பு 9.47. நடுவில் முப்பது கிலோமீட்டருக்கு மேல். எஸ்.ஐ. தம்பி துள்ளிக் குதித்தார். டேக்கை உரித்து வேறு வண்டியில் ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். லேன் கேமரா படத்தைத் தேடிப் பிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அதே மஞ்சள், அதே நம்பர். பம்பரில் கீறல் இல்லை.

வழியில் செம்மங்குப்பம் ரயில்வே கேட். போன மாதம் 8-ஆம் தேதி பள்ளி வேன் மேல் ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போன இடம். அந்த வழக்கு எங்களுடையது இல்லை, அதைப் பற்றி எழுதவும் கூடாது. ஆனால் அது சிக்னலோடு இணைக்கப்படாத கேட். அந்த மாதிரி கேட்டில், மூடியாச்சு என்று போனில் சொல்வதையும் நோட்டில் எழுதுவதையும் நம்பித்தான் ரயிலே வருகிறது. ஜீப்பில் யாரும் பேசவில்லை.

ஆகஸ்ட் 11

இறந்தவரின் மனைவியைப் பார்த்தேன். அடித்த வண்டி தெரியாவிட்டால் அரசுத் திட்டத்தில் 2 லட்சம்தான். இன்சூரன்ஸ் உள்ள வண்டி ஒன்று கிடைத்துவிட்டால் வயசு, சம்பளம் எல்லாம் கணக்குப் பண்ணிப் பல மடங்கு. "எனக்கென்ன மேடம் தெரியும், அந்த அண்ணன்தான் கையெழுத்துப் போடச் சொன்னாரு. ஆறு மாசத்துக்குள்ள கேஸ் போடணுமாம்." அந்த அண்ணன் ஜி.எச். வாசலிலேயே குடியிருக்கும் புரோக்கர். வருகிற பணத்தில் பாதி அவருக்கு. இந்த அம்மாவைக் குற்றவாளி வரிசையில் சேர்க்க எனக்குக் கை வராது. சாட்சியாகத்தான் வைக்கப் போகிறேன், மேலே கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 14

டிரைவர் உடைந்துவிட்டார். ஃபைன் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று சொல்லித்தான் புரோக்கர் அனுப்பினாராம். பழைய சட்டத்தில் கவனக்குறைவால் மரணத்துக்கு இரண்டு வருடம், போன வருடம் ஜூலையிலிருந்து புதுத் தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 106-ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை போகலாம் என்றேன். தண்ணீர் கேட்டார். கீறலைப் போட்ட பட்டறையைச் சாயங்காலமே காட்டிவிட்டார்.

எஸ்.ஐ.க்கு ஏக சந்தோஷம், மோசடி கேஸ் கச்சிதமாக வந்துவிட்டதாம். வந்துவிட்டதுதான். ஆனால் இந்த மஞ்சள் லாரி வந்து நின்ற அன்றே நீல வண்டியைத் தேடுவதை நிறுத்திவிட்டோம். இந்த மோசடியில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பணம்தான் நஷ்டமாகியிருக்கும். அடித்தவன் ஒரு மாதமாக ரோட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

ஆகஸ்ட் 18

கடை கேமராக்களில் பழைய பதிவு ஒன்றும் மிச்சமில்லை. இனி பட்டறைதான். அடித்த வேகத்துக்கு ஹெட்லைட்டோ கிரில்லோ கட்டாயம் மாற்றியிருக்க வேண்டும். முள்ளோடையிலிருந்து அரியாங்குப்பம் வரை விசாரிக்கப் புதுச்சேரி போலீசுக்குக் கடிதம் போயாச்சு. எஸ்.ஐ. நாளைக் காலை கிளம்புகிறார். ஏட்டையாவும் கூடப் போகிறேன் என்கிறார், துண்டோடு.