நேர்த்திக்கடன் தீர்க்க மாத்தளைக்கு

புரட்டாசியில் தொடங்கித் தை முடியும் வரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் மூச்சுவிட நேரமிருக்கவில்லை. கொழுந்தன் கத்தாருக்கு வேலைக்குப் புறப்பட்டதும், அம்மாவின் இரண்டு கண்களுக்கும் அடுத்தடுத்துப் புரைச் சத்திரசிகிச்சை நடந்ததும், மூத்த மகள் உயர்தரப் பரீட்சை எழுதியதும், தங்கைக்கு மாதம் நிறையுமுன்பே ஆண் குழந்தை பிறந்ததும், தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டை விட்டு ஏழு பேர்ச் காணியில் கட்டிய தனி வீட்டுக்கு நாங்கள் குடிபுகுந்ததும் எல்லாம் இந்த மாதங்களுக்குள்தான். நல்லதும் கெட்டதுமாக ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுந்ததில், உறவினர் பலருக்குச் சொல்லியனுப்பக்கூட முடியாமற் போயிற்று. அவர்களிடம் மெதுவாகச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், அம்மனிடம் தவணை கேட்கக்கூடாது என்பது அம்மாவின் கட்சி.

ஒவ்வொரு சங்கடத்தின்போதும் அவர் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து, சாமிப் படத்துக்குக் கீழேயிருந்த ஆணியில் மாட்டிவைத்திருந்தார். கண் மங்கியிருந்த நாட்களில் போட்ட முடிச்சுகள் என்பதால், தடவிப் பார்த்தே எது யாருக்கானது என்று தெரிந்துகொள்வதற்கு வெவ்வேறு காசுகளை வைத்திருந்தார்: கொழுந்தனின் பயணத்துக்கு இரண்டு ரூபாய், தன் கண்ணுக்கு ஐந்து ரூபாய், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பேரனுக்குப் பத்து ரூபாய். புது வீட்டுக்குப் பொருட்களை ஏற்றிய லொறியில் அந்தத் துணியை வைக்க அவர் சம்மதிக்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தார்.

எங்கள் தோட்டத்திலும் மாரியம்மன் இருக்கிறாள். ஆனால் அம்மா நேர்ந்துகொண்டது மாத்தளை முத்துமாரிக்கு. காப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நாட்கணக்கில் நடந்து, பசிக்கும் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலரை வழியிலேயே பறிகொடுத்துவிட்டு மலைநாட்டுக்குள் நுழைந்த நம் முன்னோருக்கு மாத்தளைதான் வாசலாக இருந்தது. அம்மாவின் பாட்டியுடைய வழியில் அப்படி நடந்து வந்த ஒருத்தி, தூக்கிவந்த பிள்ளை பிழைத்தால் ஒவ்வொரு தலைமுறையும் உன் வாசலுக்கு வரும் என்று அங்கே சொல்லிவிட்டு மலையேறினாளாம். அந்தப் பிள்ளையின் வம்சந்தான் நாங்கள். ஆகவே எங்கள் வீட்டில் பெரிய துன்பம் எது வந்தாலும் மற்றக் கோயில்களுக்கெல்லாம் தேங்காய் உடைப்போம், கணக்குத் தீர்க்க மாத்தளைக்குத்தான் போவோம்.

இம்முறை மாசி மகத்துக்கே போய்விடுவது என்று முடிவாயிற்று. பஞ்சரத பவனியன்று கைக்குழந்தையோடு போவது புத்திசாலித்தனமா என்று என் கணவர் ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். அம்மா பதில் சொல்லவில்லை, அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. தலவாக்கலையில் ஒரு வானை வாடகைக்குப் பேசி, நடுநிசிக்குப் பிறகு தோட்டத்திலிருந்து புறப்பட்டோம். அட்டன், கினிகத்தேனை வழியாகப் போயிருக்கலாம். இறம்பொடை ஆஞ்சநேயருக்கும் ஒரு வேண்டுதல் பாக்கியிருந்ததால் நுவரெலியா வழியைத் தேர்ந்தோம்.

நுவரெலியாவைத் தாண்டியதும் பனிமூட்டம் இறங்கிவிட்டது. லபுக்கலையிலிருந்து கீழே வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் வானின் முன்விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. மழைக்காலத்தில் மண் சரிந்து ஒரு பக்கம் அடைபட்டிருந்த ஓரிடத்தில், எதிரே மேலேறி வந்த மரக்கறி லொறி ஒன்று வழிவிட முடியாமல் நின்றுவிட, நாங்களும் நின்றோம். மகன் வாந்தியெடுத்து ஓய்ந்திருந்தான். குழந்தைக்குக் குளிர் படவே கூடாது என்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். தங்கை அவனைத் தன் மார்போடு சேர்த்து இரண்டு கம்பளிகளுக்குள் சுற்றி, அவனுடைய மூச்சு வருகிறதா என்று ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். அவனோ சத்தமே இல்லாமல் கிடந்தான். மார்கழி மாதம் முழுவதும் கண்டி வைத்தியசாலையின் தாழ்வாரத்தில் இருந்த அதே பயம் அந்த இருட்டில் எங்கள் எல்லோருக்கும் திரும்பி வந்ததை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே அறிந்துகொண்டோம். அம்மா மட்டும் வாய்க்குள் தாலாட்டை முணுமுணுத்தபடி இருந்தார். லொறி பின்வாங்கி, பாதை விட்டு, இறம்பொடைச் சுரங்கத்துக்குள் வான் நுழைந்தபோது அதன் விளக்குகள் கண்ணில் பட்டு அவன் வீறிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டு அத்தனை பேரும் சிரித்தோம்.

புசல்லாவையும் கம்பளையும் தூக்கத்தில் கடந்தன. கண்டிக்கு வெளியே ஒரு பிளேன்ரீ குடித்தோம். அக்குறணையைத் தாண்டும்போதே வாகன வரிசை தொடங்கிவிட்டது. பௌர்ணமி விடுமுறையும் சேர்ந்துகொண்டதால் மலைநாடே திரண்டு வந்ததுபோல் மாத்தளை நிறைந்திருந்தது.

கூட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. நாங்களும் அதில் ஒரு பங்குதானே. கூட்டத்தை வைத்துப் பிழைப்பவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும். வானை நிறுத்த இடம் காட்டுகிறேன் என்று கையசைத்து ஒரு வளவுக்குள் அழைத்துப்போன இளைஞர், நிறுத்தி முடித்த பிறகே தொகையைச் சொன்னார். அது வானின் அரை நாள் வாடகை. அடுத்த வளவில் அதில் கால்வாசிதான் வாங்கினார்கள் என்பது திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. அருச்சனைத் தட்டு விற்றவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். வாடிய பூவுக்கு மேலே நல்ல பூவைப் பரப்பி வைக்கும் வித்தையைச் சாமிக்கு வாங்கும் மாலையிலுமா செய்ய வேண்டும்? வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே கூட்டிப்போகிறேன், ஆளுக்கு இவ்வளவு கொடுங்கள் என்று வெளியாள் ஒருவர் அம்மாவின் வயதைப் பார்த்து அணுகினார். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “தம்பி, கண்ணு மங்கிக் கெடந்த காலத்துலயே வரிசையில நின்னு பாத்தவ நான். இப்ப நல்லாத் தெரியுது. நிக்கிறேன், நீ போ” என்றார்.

நின்றோம். 108 அடி இராஜகோபுரத்தின் மேல் வெயில் ஏறத்தொடங்கி, சிற்பங்களின் நிறங்கள் ஒவ்வொரு தட்டாகத் துலங்கிவந்தன. அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். அது யார், இது யார் என்று சிறுபிள்ளையைப் போல் மகளிடம் கேட்டபடியே வரிசையில் நகர்ந்தார். அத்தனையும் அவர் பலமுறை கும்பிட்ட கோபுரந்தான்.

உள்ளே நெரிசல். எங்களுக்கு முன்னால் நின்ற சிலர் கையடக்கத் தொலைபேசியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்திருந்ததில், பின்னால் நின்றவர்களுக்கு அம்மன் அந்தச் சிறிய திரைகளில் மட்டும் தெரிந்தாள். எனக்குக் கோபம் வந்தது, சொல்லவும் சொன்னேன். அப்போது தீபாராதனைக்கு மணி அடித்தது. கூட்டம் இரண்டு பக்கமும் நெருக்கி ஒதுங்கியதில், எப்படியென்று தெரியவில்லை, அம்மாவுக்கு முன்னால் ஓர் ஆள் அகலத்துக்கு வழி திறந்தது.

என் தாயார் கொழுந்துக்காரி. பார்வை குறைந்துபோன பிறகும் இரண்டு இலையும் ஒரு அரும்புமாக விரலாலேயே அறிந்து பறித்துக் கூடையை நிரப்பியவர். தோட்டத்தில் யாருக்கும் அவருடைய கண்ணின் நிலை தெரியாது. வேலையிலிருந்து பெயர் வெட்டிவிடுவார்கள் என்று அவர் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. சத்திரசிகிச்சை முடிந்து கட்டவிழ்த்த அன்று என் முகத்தைப் பார்த்து, “உனக்கு இவ்வளவு நரைச்சிருச்சா” என்று கேட்டவர், மற்றபடி தனக்குத் தெரிவதைப் பற்றி அதிகம் பேசவில்லை. கற்பூரச் சுடர் கருவறையில் உயர்ந்து, அம்மனின் பாதத்திலிருந்து முகத்துக்கு ஏறியது. அம்மா கைகூப்பவில்லை. கும்பிட மறந்து, வெள்ளிக் கண்மலரை உள்ளங்கையில் வைத்தபடி, இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். சுடர் முகத்தைச் சுற்றி இறங்கியது, மறுபடி ஏறியது. பக்கத்தில் நின்ற என்னிடம், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “இவ எப்பவுமே சிரிச்சமாதிரித்தான் இருந்தாளா?”

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தங்கைதான் “ஆமாம்மா, எப்பவும் அப்படித்தான்” என்றாள். “நான் கோவமா இருப்பான்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார் அம்மா. வாழ்நாள் முழுவதும், கோபக்காரி என்று தான் நினைத்த ஒருத்தியிடமே அவர் பிள்ளைகளுக்காகப் போய் நின்றிருக்கிறார். அதற்குள் பின்னாலிருந்து தள்ளினார்கள். கண்மலரைத் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்தோம். அந்தச் சில வினாடிகளுக்காக எந்த வளவுக்காரனுக்கும் இன்னொரு மடங்கு கொடுத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. குழந்தையை அம்மனுக்கு விற்றுத் தவிட்டுக்கு வாங்க வேண்டும் என்று வீட்டிலிருந்தே ஒரு பிடி தவிடு கட்டி வந்திருந்தோம். அத்தனை கால்களுக்கு நடுவே அவனைத் தரையில் கிடத்த எனக்குத் துணிவு வரவில்லை. முன்பின் அறியாத நாலைந்து பெண்கள் நாங்கள் கேட்காமலே கைகோத்து வட்டமாக நின்றுகொண்டார்கள். அதற்குள் அவனைக் கிடத்தி, “இது உன் பிள்ளை” என்று சொல்லிவிட்டுத் தவிட்டைக் கொடுத்துத் தங்கை திரும்ப அள்ளிக்கொண்டாள். அந்தப் பெண்களுக்கு அம்மன் எல்லா நலமும் தரட்டும்; நன்றி சொல்லத் திரும்பியபோது ஒருவரையும் காணவில்லை.

தேர்கள் வீதிக்கு வந்தபோது என் கணவரும் மகனும் வடம் பிடித்தார்கள். 1983 ஆடிக் கலவரத்தில் இந்தக் கோயிலும் தாக்கப்பட்டதை அப்பா சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்ந்தோம். மறுபடி தேர் ஓடியதைப் பார்த்துவிட்டு வந்த வருடம் அவர் வீட்டில் ஒரு வாரம் வேறு எதையும் பேசவில்லை. ஐந்து தேர்களும் ஒன்றன்பின் ஒன்றாக நகர, கடைவாசல்களில் சிங்களக் குடும்பங்களும் கைகூப்பி நின்றதைப் பார்த்தபோது, இதைக் காண அவர் இல்லையே என்று நினைத்தேன். கொழுந்தன் கத்தாரிலிருந்து வேலை இடைவேளையில் அழைத்தான். தேரைக் காட்டச் சொன்னான். சற்று முன்னர் தொலைபேசி உயர்த்தியவர்களைத் திட்டிய நானே உயர்த்திப் பிடித்துக் காட்டினேன். வீதியில் யாருக்கும் மறைக்கவில்லை என்பதே என் நியாயம். புது வீட்டுக்காக மாவிளக்கு ஏற்றினோம். கண் தந்தவளே, பிள்ளை தந்தவளே, கூரை தந்தவளே என்று அம்மா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேயிருந்தார். சம்பளம் போதாத வீட்டில், கடன் வாங்காமல் இத்தனையும் எப்படி நடந்தன என்று கணக்குப் பார்த்தால் எனக்கு இன்றும் விடை வரவில்லை. கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன், தாயே.

மஞ்சள் துணியை அவிழ்த்துக் காசுகளை உண்டியலில் போட்டபோது ஒரு முடிச்சை மட்டும் அம்மா அவிழ்க்கவில்லை. அது மகளுடைய பெறுபேற்றுக்கானது. கார்த்திகை மழையில் பரீட்சை நாட்கள் தள்ளிப்போய், அவள் படித்ததை மறந்துவிடுவேனோ என்று அழுத இரவில் போட்ட முடிச்சு.

திரும்பும் வழியில் இறம்பொடையில் இறங்கினோம். கீழே கொத்மலை நீர்த்தேக்கம் வெயிலில் விரிந்து கிடக்க, ஆஞ்சநேயருக்கு மகள் தன் கையாலேயே கோத்த வடைமாலையைச் சாத்தி, பரீட்சையை ஒழுங்காக எழுதி முடித்ததற்கு நன்றி சொன்னாள். பெறுபேறு வந்தால் மாத்தளையில் என்ன செய்வதாக நேர்ந்திருக்கிறீர்கள் அம்மாயி என்று வானில் ஏறும்போது அவள் கேட்டதற்கு, “வரட்டும், சொல்றேன். இப்பச் சொன்னா பயந்துருவ” என்று மட்டும் பதில் கிடைத்தது. தீச்சட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று தங்கையும் நானும் பேசிக்கொண்டோம். அதை எடுக்கப்போவது மகளா, நானா என்பதைத்தான் அம்மா இன்னும் சொல்லவில்லை.